பதினைந்து கெஜ அபராதம்

ஹார்லன் டில்லரிக்கு இருபத்து நான்கு வயது. காலையில் அவன் கட்டிலை விட்டு இறங்குவதைப் பார்த்தால் அறுபது என்று சத்தியம் செய்வீர்கள். முதலில் இடது முழங்காலைக் கையால் பிடித்து மெல்ல மடக்குவான். அப்புறம் வலது தோளைச் சுழற்றுவான். பாதி வழியில் அது கடக்கென்று ஒரு சத்தம் போடும். டாக்டர்கள் இரண்டு தடவை திறந்து மூடிய தோள் அது. கஹாபா ஸ்டேட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் அவனுக்கு இது ஆறாவது வருஷம். அடிபட்டு உட்கார்ந்த வருஷங்களை விதிமுறை கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், கூடப் படித்தவர்கள் எல்லாம் பிள்ளை குட்டியோடு வீடு கட்டிக் குடியேறிய பிறகும் அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றான்.

அவன்தான் அணியின் குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவன். ஊரில் அவனுக்கு ராஜ மரியாதை. பெட்ரோல் பங்கில் காபிக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் கல்லூரிக்கு வெளியே தொழிலாக ஆடும் பெரிய அணிகள் எதுவும் அவன் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அவன் எறியும் பந்து போதுமான தூரம் போவதில்லை என்று எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அவனுக்கும் அதில் பெரிய வருத்தம் இல்லை. ஜனவரியில் மாமனாரின் டிராக்டர் கடையில் வேலை தயாராக இருந்தது. மனைவி மேரிபெத்துக்கு ஏழு மாதம். பிறக்கப்போகிற குழந்தையை வலது கையால் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அதற்குக் குறுக்கே இன்னும் ஒரே ஒரு ஆட்டம் இருந்தது.

சீசன் முடிந்து, ஜெயிக்க வேண்டியவன் ஜெயித்து, அழ வேண்டியவன் அழுது ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியில் இப்படி ஒரு ஆட்டத்தை மிச்சம் வைத்திருப்பார்கள். பவுல் ஆட்டம் என்று பெயர். ஜெயித்தாலும் தோற்றாலும் எந்தப் பட்டியலும் மாறாது. முன்னெல்லாம் பூவின் பெயரும் பழத்தின் பெயரும் வைத்தார்கள், இப்போது பணம் கொடுக்கிறவன் பெயர். அந்த வருஷம் கஹாபாவுக்கு வாய்த்தது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் விற்கிற ஒரு கம்பெனியின் பவுல். ஆடுகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு முதுகுப் பை, சக்கரத்தில் சுற்றிய ஒரு குழாய் பரிசாம். மாணவர் விடுதியில் ஒரு ரோஜாச் செடிகூடக் கிடையாது.

தலைமைக் கோச் மெரிக் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ‘குடும்பம்’ என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது.

“உக்காருப்பா. தோள் எப்படி இருக்கு?”

“இருக்கு, கோச்.”

“லவாண்டே ஒரு மாதிரி பேசுறானாம். ஏப்ரல்ல டிராஃப்ட் வருது, பெரிய டீம்காரன் எடுத்துக்குவான், அதனால இந்த ஆட்டத்துல எறங்க மாட்டேங்கிறானாம். ஏஜென்ட் காதுல ஓதிட்டான். நீ சொன்னா கேப்பான்.”

“நான் என்ன சொல்றது, கோச்? அது அவன் முடிவு.”

“குடும்பத்துல அவன் முடிவு, இவன் முடிவுன்னு தனியா ஏது? ‘நீ வேணும்டா’ன்னு ஒரு வார்த்தை சொல்லு. எதிர் டீம்ல அந்த ஒம்பதாம் நம்பர்காரன் ஆடுறான், தெரியும்ல? அவனுக்கு முன்னால யாரை நிறுத்தச் சொல்றே? ஈஸ்டனையா?”

அது ஹார்லனுக்கும் தெரியும். முந்திய இரவெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவராக நிற்பார்கள். வலது கைக்காரன் பந்தை எறியத் திரும்பினால் இடது பக்கம் அவனுக்கு முதுகாகிவிடும். அங்கிருந்து பாய்ந்து வருகிறவனை அவன் பார்க்கவே முடியாது. அந்த இடதுகோடியில் நான்கு வருஷமாக நின்றவன் லவாண்டே பெட்வே. நூற்று நாற்பது கிலோ, ஆனால் நடனக்காரன் கால்கள். அந்தப் பக்கம் ஒருவன் நிற்கிறான் என்பதையே ஹார்லன் மறந்துபோகும் அளவுக்கு நின்றான்.

அந்த ஐந்து பேருக்குள் ஒரு வழக்கம் உண்டு. குவார்ட்டர்பேக் கீழே விழுந்தால் தானாக எழுந்திருக்கக் கூடாது, எதிராளி கையைப் பிடித்தும் எழுந்திருக்கக் கூடாது. சுவர்தான் வந்து தூக்க வேண்டும். யார் தப்பவிட்டாலும் முதலில் நீளும் கை லவாண்டேயுடையது. சுண்டுவிரல் கோணலாக இருக்கும், முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஈஸ்டனோ பத்தொன்பது வயசுப் பையன். உடம்பு வளர்ந்திருந்தது, ஆட்டம் இன்னும் வளரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆற்றங்கரைக் கடையில் சாப்பாடு. வாரா வாரம் சுவருக்குக் குவார்ட்டர்பேக் சோறு போட வேண்டும் என்பதும் வழக்கம்தான். பொரித்த கெளுத்தி மீனும் சோளமாவு உருண்டையும் மலைமலையாக வந்தன. மற்ற நாலு பேரும் கவிழ்ந்த தலை நிமிராமல் தின்றார்கள். லவாண்டே தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வெளியே போனான். ஹார்லன் பின்னாலேயே போனான்.

ஆற்றைப் பார்த்தபடி ரெண்டு பேரும் நின்றார்கள்.

“கோச் கூப்பிட்டாரா?” என்றான் லவாண்டே.

“ம்.”

“என்னைக் கேக்கச் சொன்னாரா?”

“ம்.”

“மச்சான், உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. நீ கேட்டா நான் ஆடுவேன். மறுபேச்சே கிடையாது. அதனாலதான் கெஞ்சுறேன், தயவுசெஞ்சு கேக்காதே.”

ஹார்லன் ஒரு கல்லைக் காலால் ஆற்றுக்குள் தள்ளினான்.

“ரஷாத்தைப் பாத்தேன் போன வாரம்,” என்றான் லவாண்டே. “என் வண்டிக்கு டயர் மாத்தினான். மண்டி போட முடியாம ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்து மாத்துறான்டா. ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு உருப்படாத பவுல்லதானே முழங்கால் போச்சு? அன்னிக்குக் கைதட்டினவன் எவனாவது இப்ப அந்தக் கடைப் பக்கம் போறானா? எங்கம்மா கோழி ஆலையில இறக்கை அறுத்து அறுத்து மணிக்கட்டே போச்சு. ராத்திரி கரண்டி பிடிக்க முடியல. என் காலு ரெண்டும் இப்ப என்னுது இல்ல. அம்மா, ரெண்டு தங்கச்சி, எல்லாரும் அதுமேலதான் உக்காந்திருக்காங்க.”

“என் தோள் மேல யாரும் உக்காரல, அப்படித்தானே?” ஹார்லனுக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது. “நானும் ஆடல, வீட்டுக்குப் போறேன்னு சொன்னா யாருக்காவது உறைக்குமாடா? எங்கேயாவது போறதுக்கு இடம் இருக்கிறவனுக்குத்தான் நான் வரலேன்னு சொல்ற உரிமை.”

“உண்மைதான்,” என்றான் லவாண்டே. அவன் வாதாடாதது ஹார்லனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

‘நீ வேணும்டா.’ அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. பொறாமையும் இருந்தது, பயமும் இருந்தது, பயம்தான் அதிகம். ஒன்பதாம் நம்பர்காரன் முதுகில் வந்து விழுவதை நினைத்தாலே தோள் கூசியது. ஆனாலும் அவன் கேட்கவில்லை. “மீன் ஆறிப்போகும், வா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் காலை தாழ்வாரத்தில் மெரிக் மடக்கினார்.

“கேட்டியா?”

கேட்கவில்லை என்றால் ஏன் என்பார். மறுபடி அறைக்குக் கூப்பிடுவார். மறுபடி குடும்பம். ஹார்லனுக்கு முந்திய நாள் பயிற்சியின் வலி இன்னும் முதுகில் இருந்தது. ஆளை விட்டால் போதும் என்று தோன்றியது.

“கேட்டேன், கோச். எவ்வளவோ சொன்னேன். மாட்டேன்னுட்டான்.”

அன்று மத்தியானம் லவாண்டே போனில் அறிக்கை வெளியிட்டான். எல்லோரும் வெளியிடுகிற அதே அறிக்கைதான்: கடவுளுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, கோச்சுகளுக்கு நன்றி, ரசிகர்களுக்கு நன்றி, நிறைய யோசித்து எடுத்த முடிவு. சாயங்காலம் மெரிக் பத்திரிகைக்காரர்களிடம் பேசினார். “அவனோட குவார்ட்டர்பேக்கே நேர்ல போய்க் கெஞ்சியிருக்கான். அதுக்கும் மனசு இரங்கல. நான் வேற என்ன சொல்ல? இருக்க ஆசைப்படுறவங்களை வச்சு ஆடுறோம்.”

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? துரோகி என்றார்கள், கோழை என்றார்கள். கூட்டாளியின் முதுகை விற்றவன் என்று ஒருவன் எழுத, அதற்கு ஆயிரம் பேர் தலையாட்டினார்கள். ஹார்லன் போன இடமெல்லாம் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். பாவம்ப்பா நீ, என்றார்கள். அந்தப் பரிதாபம் அவனுக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. அதுதான் பின்னால் நினைக்கும்போது அவனுக்கு மிகவும் கூசியது.

உடைமாற்றும் அறையில் லவாண்டே தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தான்.

“நீ என்கிட்ட கெஞ்சினியாமே?” என்றான் திரும்பாமலே. “எனக்கு ஞாபகமே இல்ல.”

“டேய், அவர் தொல்லை தாங்காம சும்மா சொன்னேன்டா. அதைப் போய் ஊருக்கே சொல்வார்னு யாருக்குத் தெரியும்?”

“ஆலையில அம்மாகிட்ட கேட்டாங்களாம். கெஞ்சின பிள்ளையையே உன் மகன் கைவிட்டுட்டானாமே, நீ வளத்த லட்சணம் இதுதானான்னு.” காலணிகளைப் பைக்குள் திணித்தான். “அம்மா என்கிட்ட சொல்லல. தங்கச்சிதான் சொன்னா.”

“நாளைக்கே நான் பேசி சரி பண்ணிடுறேன்.”

“சரி விடு. தோளுக்கு ஐஸ் வை, வீங்கியிருக்கு.”

நாளைக்கு என்றவன் பேசவில்லை. மறுநாள் பயிற்சி, அதற்கு மறுநாள் ஊசி, அப்புறம் தொட்டில் வாங்கப் போனார்கள். மூன்றாம் நாள் வேறு செய்தி வந்துவிட்டது. கோச் மெரிக் குட்டி விமானத்தில் ஏறி டெக்ஸாஸ் போய்விட்டார். அங்கே பெரிய கல்லூரி, பெரிய சம்பளம், உடனே சேர வேண்டுமாம், அதனால் பவுல் ஆட்டத்துக்கு இருக்க முடியாதாம். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில். அவரைத் துரோகி என்று எழுத யாருக்கும் கை வரவில்லை. நல்ல வாய்ப்பு, யார்தான் விடுவார்கள் என்றார்கள். சுவரில் ‘குடும்பம்’ அப்படியே இருந்தது.

சுவர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கிழவர் கிட்ரி தலையில் ஆட்டத்தைக் கட்டினார்கள். புதுத் தலைமைக் கோச் வந்தால் அவருக்கே வேலை போகும். “கல்யாண வீட்டுல எல்லாரும் கெளம்பிப் போயாச்சு. பந்தக்காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆளு நானு,” என்றார் ஹார்லனிடம். அவரே லவாண்டேக்கும் போன் செய்தார்: “ஆட வேணாம்டா மவனே. சும்மா ஓரத்துல வந்து நில்லு. குழாயாவது வாங்கிட்டுப் போ.”

அரங்கத்தில் பாதி இருக்கைகள் காலி. வளைகுடாவிலிருந்து ஈரக் காற்று அடித்தது. மேரிபெத் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கீழ்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். லவாண்டே சாம்பல் நிற ஸ்வெட்டரில், கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஓரக்கோட்டுக்கு வெளியே நின்றான். கஹாபா ரசிகர்கள் அவனைப் பார்த்து ஊளையிட்டார்கள். ஒரு பெரிய மனுஷர் தன் பேரப்பிள்ளையின் பொம்மைப் பந்தை வாங்கி அவன்மேல் வீசினார். அவன் குனிந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தான்.

ஈஸ்டன் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்பதாம் நம்பர்காரன் அவனை ஒருமுறை வெளிப்பக்கமாகச் சுற்றினான், ஒருமுறை உள்ளே நுழைந்தான், ஒருமுறை நேராகவே தள்ளிக்கொண்டு வந்தான். ஹார்லன் விழுந்தான். விழுந்து கிடந்து கைக்காகக் காத்திருந்தான். ஈஸ்டன் வெட்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தள்ளி நின்றான். மற்ற நாலு பேரும் லவாண்டே முந்திக்கொள்வான் என்றே பழகியவர்கள், அவர்கள் சுதாரித்து வருவதற்குள் ஹார்லன் தானே முட்டியை ஊன்றி எழுந்துவிட்டான். அன்று மூன்று முறை அப்படி எழுந்தான். ஒவ்வொரு முறையும் அவனுக்குக் கண்ணைக் கரித்தது. வலி என்று சொல்லிக்கொண்டான்.

ஆனாலும் எப்படியோ ஆட்டம் கைக்குள்ளேயே இருந்தது. கடைசி நிமிஷத்தில் கஹாபா இரண்டு புள்ளிதான் பின்னால். பந்து எதிர்ப்பக்கத்துக்குள் நன்றாகவே வந்துவிட்டது. அங்கிருந்து உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் மூன்று புள்ளி, வெற்றி. உதைக்கிற பையன் நல்ல பையன், அந்தத் தூரத்தைத் தூக்கத்திலும் அடிப்பான். இன்னும் கொஞ்சம் நெருங்கினால் நல்லது என்று கிட்ரி ஒரே ஒரு எறிதல் கேட்டார்.

ஹார்லன் பந்தை வாங்கினான். பின்வாங்கினான். வலப்பக்கம் ஒருவன் தனியாக ஓடுவதைப் பார்த்தான். கையை ஓங்கினான்.

இடப்பக்கத்திலிருந்து வீடு இடிந்து விழுந்த மாதிரி ஒன்று அவன் முதுகில் விழுந்தது. பந்தை மட்டும் விடவில்லை. வலது தோள் தரையில் முதலில் பட்டது. அதற்குள்ளே எதுவோ நழுவிப் போனதைப் போலிருந்தது. வாய் நிறையப் புல். ‘முடிஞ்சுதா?’ என்று நினைத்தான். ‘சரி, முடியட்டும். எழுந்திருக்க மாட்டேன். ஆறு வருஷம் எழுந்தாச்சு.’

அப்போது ஒரு கை வந்தது.

சுண்டுவிரல் கோணலாக இருந்தது. ஹார்லன் யோசிக்கவே இல்லை, இடது கையால் பிடித்தான். அந்தக் கை அவனை மண்ணிலிருந்து பூசணிக்காயைப் போலத் தூக்கி நிறுத்தியது. பாவி, இடுப்பிலிருந்த புல்லைக்கூட வழக்கம்போலத் தட்டிவிட்டான்.

விசில் ஒலித்தது. விதி மீறினால் நடுவர்கள் வீசுகிற மஞ்சள் கொடி ஒன்று, அதன்மேல் இன்னொன்று, இருவர் காலடியிலும் வந்து விழுந்தன.

லவாண்டே கொடியைப் பார்த்தான். தன் ஸ்வெட்டரைப் பார்த்தான். கால்சட்டையைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது.

“மச்சான்... நான் ஆடலேங்கிறது மறந்துபோச்சுடா.”

ஆடாதவன் மைதானத்துக்குள் கால் வைத்தால் பதினைந்து கெஜம் அபராதம். நடுவர் அதை மைக்கில் அறிவித்தபோது கூட்டம் அலறிய அலறலில் கொஞ்ச நேரம் எதுவும் காதில் விழவில்லை. பந்தைப் பின்னால் எடுத்துப்போய் வைத்தார்கள். உதைக்கிற பையன் நல்ல பையன்தான். உயிரைக் கொடுத்து உதைத்தான். பந்து நேராகத்தான் போனது. கம்பத்துக்கு ஒரு ஆள் தூரம் முன்னால் களைத்துப்போய் விழுந்தது.

தோற்றார்கள்.

ஓரக்கோட்டில் லவாண்டே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேலே இருந்து தண்ணீர் பாட்டில்கள் வந்து விழுந்தன. கிட்ரி தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்துவிட்டுப் போனார். ஈஸ்டன் அழுதுகொண்டே வந்தான். “நான்தான் தூக்கியிருக்கணும். எனக்குத் தெரியல, அண்ணே,” என்றான். மேரிபெத் தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி ஹார்லனின் தோளைத் தொட்டாள்.

“தூக்கிப் பாரு.”

மெல்லத் தூக்கினான். நெஞ்சு வரைக்கும் வந்தது, தோள் வரைக்கும் வந்தது, அங்கே நின்றுவிட்டது.

“அவ்வளவுதானா?” என்றாள்.

“அவ்வளவுதான் போலிருக்கு.”

“பரவால்ல. குழந்தையும் ஒண்ணும் ரொம்ப உயரமா கேக்காது,” என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவனைத் தனியாக உட்கார வைத்தார்கள். மேஜைமேல் பரிசுக் குழாய் ஒன்றைக் கம்பெனிக்காரன் விளம்பரத்துக்காக வைத்திருந்தான். முதல் கேள்வியே லவாண்டேயைப் பற்றித்தான்.

“ஹார்லன், நீங்க கெஞ்சியும் ஆட வரமாட்டேன்னார். கடைசியில உள்ள வந்து ஆட்டத்தையே கெடுத்துட்டார். லவாண்டே பெட்வேயைப் பத்தி என்ன சொல்றீங்க?”

ஹார்லனுக்குக் களைப்பாக இருந்தது. ஆனால் இந்தத் தடவை அந்தக் களைப்பு பொய் சொல்லத் தூண்டவில்லை. பொய்யைத் தூக்கிக்கொண்டு இனி ஒரு அடி நடக்கத் தெம்பில்லை என்பதுதான் உண்மை.

“நான் கெஞ்சல,” என்றான்.

“உங்க கோச் சொன்னாரே?”

“அவர்கிட்ட நான் சொன்ன பொய் அது. என்னை விட்டாப் போதும்னு சொன்னேன். அவர் மேல தப்பில்ல, அந்த விஷயத்துல மட்டும்.” யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. “லவாண்டேகிட்ட நான் கேக்கவே இல்ல. கேட்டா மறுபேச்சு இல்லாம வந்து நின்னிருப்பான், அது எனக்குத் தெரியும், அதான் கேக்கல. அவங்கம்மாகிட்ட ஆலையில கேள்வி கேட்டவங்க இதைக் காதுல வாங்கிக்கணும். எந்தப் பிள்ளையும் கெஞ்சல, அவங்க பிள்ளை யாரையும் கைவிடல. கேக்காமலேயே வந்தான். நீங்க எல்லாரும்தான் பாத்தீங்களே.”

பேனாக்கள் ஓடின.

ஹார்லன் எழுந்திருக்கப் பார்த்தான். முழங்கால் இறுகிவிட்டிருந்தது. வலது கை ஊன்ற உதவவில்லை. இடது கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே பாதியில் நின்றான். வாசற்கதவு ஓரமாக, தலையில் கிழவரின் சின்னத் தொப்பியோடு, கையில் ஒரு குழாய்ச் சக்கரத்தோடு லவாண்டே நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. கண் சிவந்திருந்தது. சக்கரத்தைக் கீழே வைத்தான். ஓரடி முன்னால் வந்தவன் சட்டென்று நின்று, அறை முழுக்க ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

“இங்க யாரும் கொடி வீச மாட்டாங்கல்ல?” என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினான்.